ஹட்டன் வரை வந்துவிடலாம், அதற்குப் பிறகு?

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு எப்படிப் போவது என்று கேட்டால், பஸ்ஸில் போகலாம் அல்லது ரயிலில் போகலாம் என்று யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். இதில் என்ன எழுத இருக்கிறது என்று சில வாசகியர் நினைக்கக்கூடும். ஆனால் கொழும்பில் வீட்டு வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போயிருக்கும் எங்கள் பிள்ளைகள், அவர்களைப் பார்த்து வரப் போகும் தாய்மார், முதல் நியமனம் கிடைத்து மலையகத்துக்கு வரும் ஆசிரியைகள், மருத்துவமாதுகள் ஆகியோருடன் பழகியதில் எனக்கு ஒரு விடயம் தெளிவாகியிருக்கிறது. ஹட்டனுக்கு வந்து சேர்வது பெரிய காரியமல்ல. ஹட்டனிலிருந்து லயத்து வாசலுக்குப் போவதுதான் பெரிய காரியம். பயணத்தைத் திட்டமிடும்போது அந்தக் கடைசிப் பகுதியை முதலில் யோசிக்க வேண்டும்.

முதலில் பஸ்ஸைப் பார்ப்போம். புறக்கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு இ.போ.ச. பஸ்களும் தனியார் பஸ்களும் ஓடுகின்றன. அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஏ-7 வீதியில் நான்கரை அல்லது ஐந்து மணித்தியாலப் பயணம். அவிசாவளை வரை பெரிய ஏற்றமில்லை. கித்துல்கலையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்துவிடும். தலைச்சுற்றல் உள்ளவர்கள் அதற்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடக் கூடாது. தோட்டத்துப் பெண்கள் ஓர் எலுமிச்சம்பழத்தையோ தோடம்பழத் தோலையோ கையில் வைத்து முகர்ந்துகொண்டே வருவார்கள். கண்டியிலிருந்து வருகிறவர்களும் அங்கிருந்தே பஸ் ஏறலாம். கம்பளை, நாவலப்பிட்டி வழியாக ஹட்டனுக்கும், புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கும் பஸ்கள் உண்டு.

ரயிலை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கோச்சி என்பார்கள். கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் கோச்சியில் ஹட்டன் வர வழமையான காலத்தில் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் ஆகும். பொடி மெனிகே கண்டிக்குள் போய்த் திரும்பும். உடரட மெனிகே கண்டிக்குள் நுழையாமல் பேராதனைச் சந்தியோடு மலைப்பாதையில் ஏறிவிடும். கண்டியில் ஏற நினைப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நுவரெலியா நகரில் ரயில் நிலையம் கிடையாது. நானுஓயாவில் இறங்கி எட்டுக் கிலோமீற்றர் அளவு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போக வேண்டும். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒரு சிறிய அகலப் பாதை ஓடியது. 1900களின் தொடக்கத்தில் போட்டு, 1940களில் மூடிவிட்டார்கள். இன்று இராகலைப் பக்கத்துக்குப் போகிறவர்களுக்குப் பஸ்தான் கதி.

பஸ்ஸா, ரயிலா என்றால், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரயிலே வசதி என்பேன். நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது. பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம் அடக்கிக்கொண்டு வருவதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். பிறகு சிறுநீர்த் தொற்று என்று மருந்துக்கு அலைகிறார்கள். இதை யாரும் வெளியில் பேசுவதில்லை.

ஆனால் ரயிலை நம்பிப் புறப்படுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் மண்சரிவால் சேதமடைந்து சேவைகள் நின்றன. வீதிகளும் அடைபட்டு நுவரெலியா மாவட்டம் துண்டிக்கப்பட்டிருந்தது. ஆகவே எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்பதை ரயில் நிலையத்தில் விசாரித்துவிட்டே கிளம்புங்கள். 1919 என்ற அரசாங்கத் தகவல் இலக்கத்திலும் கேட்கலாம். ஹட்டன் பக்கத்தில் தென்மேல் பருவமழை கடுமையானது. மே முதல் செப்டெம்பர் வரையிலும் வீதி நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தப் பாதை நம்மை ஏற்றிச் செல்வதற்காகப் போடப்பட்டதல்ல. 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் பாதை வந்தது முதலில் கோப்பியை, பிறகு தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. அந்தக் காலத்தில் தமிழகத்திலிருந்து கூட்டி வரப்பட்ட நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியிலே இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. நானும் ஒரு நாள் சேர்ந்து நடந்தேன். தார் வீதியில், தண்ணீர்ப் போத்தலோடு நடந்தும் கால் வீங்கிவிட்டது.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இதே ஹட்டன், தலவாக்கலை நிலையங்களில் ஏறித்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போயின. அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் 562 மீற்றர் நீளமான சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. மலைநாட்டுப் பாதையில் அதுதான் மிக நீளமானது. சுற்றுலா வந்தவர்கள் அதற்குள் கூச்சலிட்டு மகிழ்வார்கள். எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர், தன் தங்கையை வழியனுப்பிய நாள் முதல் சுரங்கத்துக்குள் கோச்சி ஊதும் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்.

ஹட்டனில் இறங்கிவிட்டீர்கள். இனித்தான் நான் சொல்ல வந்த விடயம்.

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று பெரிய வீதிகளுக்கெல்லாம் அடிக்கடி பஸ் உண்டு. ஆனால் தோட்டத்துக்குள் போகும் பஸ் ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறைதான் ஓடும். சில பிரிவுகளுக்கு அதுவும் இல்லை. பின்னேரம் ஐந்தரை, ஆறு மணியோடு கடைசி பஸ் போய்விடும். எனவே கொழும்பில் எத்தனை மணிக்கு ஏறுவது என்பதைக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். தோட்ட பஸ் ஐந்தரைக்கு என்றால், நான்கு மணிக்காவது ஹட்டனில் இருக்க வேண்டும். அப்படியானால் காலை பத்து மணிக்குப் பிறகு புறக்கோட்டையில் ஏறுவது ஆபத்து. இரவு பஸ்ஸில் வந்தால் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே ஹட்டனில் இறக்கிவிடக்கூடும். குளிரில், பூட்டிய கடைகளின் முன்னால், விடியும் வரை காத்திருக்கும் நிலை தனியாக வரும் இளம் பெண்ணுக்கு வேண்டாம். அப்படித்தான் வர முடியும் என்றால் வீட்டிலிருந்து ஒருவரை முன்கூட்டியே வரச் சொல்லுங்கள்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோதான். மழை பெய்து ரோடு கெட்டிருந்தால், மேல்பிரிவு வரைக்கும் வர மாட்டேன் என்று பாதியில் இறக்கிவிடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கல்ரோட்டில் ஒரு முறை ஏறி இறங்கினால் கிடைத்த கூலியைவிடப் பழுது பார்க்கும் செலவு அதிகம்.

தோட்ட ரோடுகள் ஏன் இப்படி இருக்கின்றன? மழையை மட்டும் காரணம் சொன்னால் போதாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில், தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். ஆனால் அவர்கள் நடக்கும் ரோட்டுக்கு அந்தச் சபை ஒரு கல்லும் போட முடியாது. கம்பனிகளோ கொழுந்து லொறி போகும் அளவுக்கு ரோடு இருந்தால் போதும் என்று விட்டுவிட்டன. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருட இடைவெளியை நிரப்பச் சபைகளிடம் பணமும் இல்லை. இருக்கிற பணத்தில் தோட்டத்துப் பங்கைக் கேட்டு வாங்க உறுப்பினர்களில் பலர் முனைவதும் இல்லை. கூட்டத்தில் எழுந்து கேட்கப் பெண்கள் இன்னும் கூடுதலாக வேண்டும் என்பது என் கருத்து.

சென்ற வருடம் ஒரு தோட்டத்தில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் இரண்டு தடவை கிளினிக்குக்கு வரவில்லை என்று தேடிப் போனேன்.

"ஏன்மா வரல?"

"வந்தா அன்னைக்குப் பேரு போயிரும் மிஸ். குறுக்கால எறங்கி பஸ் ரோட்டுக்குப் போயிரலாம். திரும்பி ஏறத்தான் முடியல."

'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கிளினிக்குக்குப் போகும் பெண் பேரையும் இழந்து, ஆட்டோக் கூலியும் கொடுக்க வேண்டும். அவர் சொன்ன குறுக்குப்பாதை தேயிலை மலைக்குள் இறங்கும் படிகள். மழையில் வழுக்கும், அட்டைக் கடியும் உண்டு. டிக்கோயாவில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டப்பட்ட அதன் புதிய கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். கட்டடம் நன்றாக இருக்கிறது. அதுவரை போய்ச் சேர்வதற்கு அந்தப் பெண்ணுக்கு என்ன வழி? காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக நீர்விமானம்கூட இறங்கியிருக்கிறது!

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இது தெரிந்திருந்தும், சிங்களத்தில் பேச வேண்டுமோ என்ற தயக்கத்தில் அழைப்பதில்லை. தமிழிலேயே பேசலாம். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், கிட்டிய பஸ் ரோட்டுச் சந்தி, பாலம் அல்லது கோயில் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாகனம் ஏற முடியாத இடமென்றால், சந்திவரை நோயாளியைக் கொண்டுவர நாலு பேரை ஏற்பாடு செய்துவிட்டு அழைப்பது நல்லது.

நான் வேலை செய்யும் தோட்டமொன்றில் தாய்மார் சங்கத்தினர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிள்ளை மடுவத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தப் பெண்ணுக்கு எந்த மாதம், இரவில் எழுப்பினால் வரும் ஆட்டோக்காரர் இரண்டு பேரின் இலக்கம், கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். மாதச் சீட்டில் ஒரு பங்கை அந்தக் கூலிக்கென்று எடுத்து வைக்கிறார்கள். காலையில் ஏழரைக்கு வரும் பஸ்ஸை ஏழு மணிக்கு மாற்றினால் உயர்தர வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளைகள் நேரத்துக்குப் பாடசாலை போகலாம், கிளினிக்குக்குப் போகிறவர்களும் அதிலேயே இறங்கலாம் என்று பஸ் டிப்போவுக்கு ஒரு மனுவும் கொடுத்திருக்கிறார்கள். நூற்றுப் பத்துப் பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர்களோடு நானும் டிப்போவுக்குப் போகிறேன்.