பிழை பிள்ளையில் இல்லை

பழைய கிராபிக்ஸ் கார்ட் வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் மாணவன் ஒருவன் வீடியோ எடிட்டிங் பழகுகிறான். கல்யாண வீடியோக்கள் செய்து வீட்டுக்கு உதவ ஆசை. வாப்பா தையல் வேலை. "எந்தக் கார்ட் வாங்கலாம் சேர்?" என்று கேட்டான். ஜீடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொன்னது ஐசிடி படிப்பிக்கும் நாங்கள் இரண்டு பேரும்தான்.

காரணம் இருந்தது. 2016 ஒக்டோபரில் வந்த நடுத்தரக் கார்ட் அது. 768 கோர், 4 ஜிபி மெமரி, 75 வோட். அந்த மின்சாரத்தை மதர்போர்ட் ஸ்லொட்டே கொடுத்துவிடும். பெரும்பாலும் பவர் சப்ளை மாற்றத் தேவையில்லை. 2022இல் டொலர் ஏறிய பிறகு எங்கள் பிள்ளைகளுக்குப் பழையதுதான் கைக்கெட்டும்.

வாப்பாவின் சேமிப்பில் பாவித்த கார்ட் ஒன்று வந்தது. பழைய மொனிட்டரின் நீல விஜிஏ வயர் அதில் நேரே பொருந்தியது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். விண்டோஸ் 1050 டிஐ என்றே காட்டியது. ஆனால் பெரிய வீடியோ போட்டால் உறைந்துவிடும். இரண்டு கிழமையாக அவன், "எனக்குத்தான் சரியாச் செய்யத் தெரியல்ல சேர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போய் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். பெயருக்கு முன்னால் 'போலி' என்ற எச்சரிக்கை. கோர் 192. 2010இல் வந்த ஜீடிஎஸ் 450 வகைச் சிப்பின் பயோஸை மாற்றி, புதுப் பெயர் எழுதி விற்றிருக்கிறார்கள்.

வெட்கமாக இருந்தது. உண்மையான 1050 டிஐயில் விஜிஏ துளையே இருக்காது. அந்தத் தலைமுறைச் சிப் அனலொக் சிக்னல் கொடுக்காது. நாங்கள் சந்தோஷப்பட்ட அந்த நீல வயரே சாட்சி. மொடல் பெயரைச் சொல்லிக் கொடுத்த நாங்கள், அதைச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

விற்றவர் பேசிப் பேசிப் பாதிக் காசைத் தந்தார். மீதியை நாங்கள் போட்டோம். வாப்பா வாங்க மறுத்தார். "இது உதவி இல்லை நானா, எங்கட கடன்" என்றோம்.

காசு கொடுக்க முன் கடையிலேயே ஜிபியு-இசட் போட்டுப் பாருங்கள். கோர் எண்ணிக்கை, மெமரி, பின்பக்கத் துளைகள் மூன்றும் பொருந்த வேண்டும். "நாங்கள் தரும் டிரைவரை மட்டும் போடுங்கள்" என்றால் வாங்காதீர்கள்.

இப்போது அடுத்த கார்டை அவனே தேடுகிறான். விளம்பரம் பார்த்தால் முதலில் கேட்பது, "பின்பக்கப் படம் அனுப்புவீங்களா?"