ஊசிக்குப் பிறகு 48 வாரம்

பந்தயக் குதிரையின் முன்னங்கால் பின்புறம் வில்லாகப் புடைத்திருந்தால், ஸ்கேன் எடுக்கும் முன்பே விஷயம் புரிந்துவிடும். தசைநாண் கிழிந்திருக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் அந்த நாண் அறுபடும் எல்லை வரை இழுபடுகிறது. அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. ஸ்கேன் திரையில் நாணின் சாம்பல் வட்டத்தின் நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை. உடம்பு அதைத் தழும்பால் நிரப்பிவிடும். ஆனால் தழும்புக்கு நாணின் நெகிழ்ச்சி வராது. குணமான குதிரை மறுபடி அதே காலைக் கெடுத்துக்கொள்வது அதனால்தான்.

லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜின் ரோஜர் ஸ்மித் குழு, குதிரையின் சொந்த ஸ்டெம் செல்லை இந்த ஓட்டைக்குள் செலுத்திய அனுபவத்தை 2003-இல் வெளியிட்டது. எனக்கு இதில் பிடித்ததே, காயம் இதற்கு வாகாக அமைந்திருப்பதுதான். சுற்றிலும் நல்ல நார், நடுவில் பள்ளம். செல்லைத் தாங்க வேறு கிண்ணம் வேண்டாம்.

குதிரையை அரைமயக்கத்தில் நிறுத்தி, மார்பெலும்பில் மஜ்ஜை எடுப்போம். எலும்புக்கு அந்தப் பக்கம் இதயம். ஊசியின் ஆழம் விளையாட்டல்ல. மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல் ஆய்வுக்கூடத்தில் பெருக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் காயத்தில் புது ரத்தக்குழாய்கள் படர்ந்திருக்கும், தழும்பு இறுகியிருக்காது. அந்தப் பருவம் கடந்துவிட்டால் நான் ஊசி போடுவதில்லை.

செல்லே நாணாக மாறிவிடும் என்று ஆரம்பத்தில் நம்பிக்கை இருந்தது. ஆனால் போட்ட செல்லில் பெரும்பகுதி சில நாளிலேயே மறைந்துவிடுகிறது. போகுமுன் அழற்சியைத் தணித்து, அங்கிருக்கும் செல்களை வேலைக்கு ஏவுகிறது என்றே இன்று கருதுகிறோம். 2012-இல் இந்த ஊசி போட்ட 141 குதிரைகளின் கணக்கு வந்தது: அவற்றில் பின்தொடர்ந்து பார்க்க முடிந்த 113 பந்தயக் குதிரைகளில் மறுகாயம் 27.4 சதவீதம். நல்ல எண்தான். ஆனால் கூடவே ஊசி போடாத குதிரைகளை வைத்துப் பார்க்கவில்லை, பழைய பதிவுகளோடுதான் ஒப்பிட்டார்கள். செலவு செய்கிற உரிமையாளரிடம் இதையும் சொல்லிவிடுவேன்.

ஊசி சில நிமிட வேலை. பிறகு ஏறத்தாழ 48 வாரம், லகானைப் பிடித்து நடத்தும் குதிரைக்காரர் கையில். புது நார் இழுவிசை வரும் திசையில்தான் அடுக்கும். கட்டியே போட்டாலும் கெடும், முந்தினாலும் கெடும். “நல்லாத்தானே நடக்குது டாக்டர், ஓட விட்டா என்ன?” என்பார் உரிமையாளர். நொண்டல் சீக்கிரம் போய்விடும், நாண் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்கேன் எடுப்பேன். முந்தைய ஸ்கேனைவிட நாணின் குறுக்குப் பரப்பு 10 சதவீதம் பெருத்திருந்தால், மறுபடி நடைதான்.