விலை ஏறிய ஆண்டில் வீழ்ந்த விற்பனை

நகரத்து உத்தியோகம் நாடிப் போன தோட்டக் கிராணி யான். தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "2021ஆம் ஆண்டில் செம்பனை எண்ணெய் டன் 4,000 வெள்ளிக்கு மேல் விற்றதே, அத்தகைய ஆண்டில் உங்கள் தோட்டம் விற்ற குலைகளின் எடை நான்கில் ஒரு பங்கு குறைவானேன்?"

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாவல்லவா! 'சக்திக்கு மீறிய சூழ்நிலை' என்று அழகாகத் தொடங்கினேன். பொய்யுமன்று. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது; அயல்நாட்டுத் தொழிலாளர் வரவு நின்றது; வெட்ட ஆளின்றிப் பழம் மரத்தடியில் உதிர்ந்து அழுகிற்று. நாட்டின் எண்ணெய் உற்பத்தியே 191 இலட்சம் டன்னிலிருந்து மறு ஆண்டு 181 இலட்சமாயிற்று.

"நாட்டுக்கு இருபதில் ஒரு பங்குதானே? மிச்சம் எங்கே?"

ஆட்கள் சோம்பேறிகள் என்று சொல்லித் தப்பலாமோவென ஒரு கணம் தோன்றிற்று. இருந்த சொற்பப் பேரும் விடியுமுன் பெரட்டில் நின்றதைச் செக்ரோலில் பதிந்தவன் யானே. பத்துப் பதினைந்து நாளுக்கொருமுறை வெட்டவேண்டிய மரங்கள் முப்பது நாள் நின்றதையும் பதிந்தேன். மானேஜருக்கு மட்டும் எழுதவில்லை. கெட்ட சேதி கொணர்பவன் என்ற பெயருக்கு அஞ்சினேன்.

"அது என் பிழை" என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்; முடிவு இன்னும் வரவில்லை. மறுநாட்காலை, 18 நாளாகியும் வெட்டப்படாத ஒரு பகுதியைப் பற்றி மானேஜருக்கு எழுதினேன்.