இரவுக் கணக்கு

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், புதுக்குடியிருப்பைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் காற்றில் உப்பு மணக்கத் தொடங்கும். இடது கைப்பக்கம் பெருங்கடல், வலது கைப்பக்கம் நந்திக்கடல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம்தான் முள்ளிவாய்க்கால். வீதி அந்த நிலத்தின் வழியே சென்று, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து முல்லைத்தீவு நகரை அடைகிறது. பனையும் வடலியும், வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறு வீடுகளும், வேலியில் காயும் வலைகளுமாக அமைதியான ஊர்.

எதுவும் அறியாத ஒருவர் பஸ் யன்னலால் இதைப் பார்த்தால், இங்கே ஒரு உல்லாச விடுதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கக்கூடும். அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். 2012ஆம் ஆண்டு நந்திக்கடல் ஓரத்தில் இராணுவம் 'லகூன்ஸ் எட்ஜ்' என்ற பெயரில் ஒரு விடுதியைத் திறந்தது. களப்பைப் பார்த்தபடி அறைகள், சாப்பாடு, ஓய்வு. அதே 2012 செப்டெம்பரில்தான் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. அங்கிருந்து கடைசியாக ஏற்றப்பட்டவர்களில் பலர் நந்திக்கடலின் மறுகரையில் உள்ள கேப்பாப்புலவு மக்கள். தங்கள் காணிகளில் படையினர் இருந்ததால், காடு வெட்டிய இடத்தில் அமைத்த 'மாதிரிக் கிராமத்தில்' அவர்கள் இறக்கப்பட்டார்கள். விருந்தாளிகளுக்குக் களப்பைப் பார்க்க அறை கிடைத்த ஆண்டில், களப்போரம் பிறந்தவர்களுக்கு அங்கே ஒரு கொட்டில் போட இடம் கிடைக்கவில்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இது மட்டும் அல்ல. காங்கேசன்துறையில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் 'தல்செவன' என்ற விடுதியை இராணுவம் நடத்தியது. காரைநகருக்கு அருகே கடலுக்குள் இருக்கும் பழைய ஹம்மன்ஹீல் கோட்டையைக் கடற்படை விடுதியாக மாற்றியது. போர் முடிந்த கையோடு தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். 2006 டிசெம்பரில் கரைதட்டிய ஜோர்தானியக் கப்பலான 'ஃபரா-3' இன் துருப்பிடித்த கூட்டையும், புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் இருந்த நிலக்கீழ் பங்கரையும் பார்ப்பதற்காக வந்தார்கள். பங்கரை 2013 ஒக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வருபவர்களுக்குச் சோடா விற்ற கடைகள்கூட அந்த நாட்களில் எம்மவர்களுடையதாக இருக்கவில்லை.

விடுதியில் தங்க வருபவர் எதைத் தேடி வருகிறார்? எனக்கு இதைக் கிட்ட நின்று பார்க்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. கனடாவில் இருக்கும் என் மச்சாள் வைகாசி மாதத்தில் ஊருக்கு வந்திருந்தார். கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. வேலைக்காக வேறு நகரங்களில் அடிக்கடி தங்க வேண்டும். அதனால் பெரிய ஹோட்டல் கம்பனி ஒன்றின் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறார். "சேர்ந்த புள்ளி சும்மா கிடக்குது, நீங்களும் வாங்கோ மச்சாள், ரெண்டு நாள் வெலிகமையில நிண்டுபோட்டு வன்னிக்குப் போவம்" என்றார். போனோம்.

இந்தப் புள்ளி விசயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1981இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் என்ற விமானக் கம்பனி, அடிக்கடி பறப்பவர்களுக்குத் தூரத்தைக் கணக்கு வைத்து இலவசப் பயணம் கொடுக்கத் தொடங்கியது. இரண்டு வருடத்தில், 1983இல், ஹொலிடே இன், மரியட் போன்ற ஹோட்டல் கம்பனிகளும் அதைப் பின்பற்றின. மரியட் தன்னுடைய திட்டங்களை ஒன்றாக்கி 2019இல் 'பொன்வொய்' என்று புதுப் பெயர் வைத்தது. அந்தக் கம்பனியின் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டொலர் செலவழித்தால் 10 புள்ளி. வருடத்தில் 10 இரவு தங்கினால் வெள்ளி, 25 இரவு தங்கினால் தங்கம், 50 இரவு தங்கினால் பிளற்றினம் என்று படிகள். படி ஏற ஏற மரியாதையும் ஏறும். இடம் இருந்தால் பெரிய அறை, காலைச் சாப்பாடு, பின்னேரம் வரை அறையை வைத்திருக்கும் சலுகை. அறைக்காசை வேலை செய்யும் கம்பனி கொடுத்தாலும் புள்ளி தங்கியவரின் பெயரில்தான் விழும். இரண்டு வருடம் கணக்கில் அசைவு இல்லாவிட்டால் அத்தனையும் அழிந்து போகும். இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கினால் 'விசுவாசத் திட்டம்' என்று வரும். காசு கொடுத்து வாங்குவதை விசுவாசம் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை. விசுவாசம் என்ற சொல்லுக்கு எமது மண் கொடுத்த விலை வேறு.

மரியட்டின் வெலிகம ஹோட்டல் 2017இல் திறக்கப்பட்டது. 2004 டிசெம்பர் 26 அலை வெலிகமையையும் அடித்தது, முல்லைத்தீவையும் அடித்தது. ஒரே அலை. அந்தக் கரையில் இன்று அலைச்சறுக்கு விளையாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அடுக்குமாடி ஹோட்டலும். எமது கரையில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

மச்சாள் முன்பு அந்த ஹோட்டலுக்குப் போனதே இல்லை. ஆனாலும் வரவேற்பில் நின்ற பிள்ளை, மச்சாளின் பெயரைச் சொல்லி, இத்தனை வருட உறுப்பினர் என்றும் சொல்லி வணக்கம் சொன்னது. உலகத்தின் எந்த மூலையில் எத்தனை இரவு படுத்தார் என்பது அந்தக் கணினியில் இருக்கிறது. கடலைப் பார்த்த அறை தந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு ஆப்பம், கட்டச் சம்பல், பழவகை என்று நீண்ட மேசை. சாப்பிடும் இடத்தில் வேறு உறுப்பினர்களோடும் பேச்சுக் கொடுத்தோம். சிங்கப்பூரில் இருந்து வந்த ஒரு குடும்பம், தனியாகப் பயணம் செய்யும் ஒரு வயதான ஜேர்மன் பெண்மணி. எல்லோருடைய பேச்சும் ஒன்றுதான்: அறை கூட்டித் தந்தார்களா, கடல் பக்கமா தோட்டப் பக்கமா, எத்தனை மணி மட்டும் இருக்க விடுவார்கள். போன வருடம் தாய்லாந்தில் இதைவிட நல்ல அறை தந்தார்கள் என்று ஒருவருக்குச் சிறு மனக்குறை. கெட்ட மனிதர்கள் அல்ல. தங்களை ஒரு இடத்தில் நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய சந்தோசமாகப் பட்டது. அந்த ஆசை எல்லா மனிதருக்கும் உள்ளதுதானே.

இரவு மச்சாள் தொலைபேசியைத் திறந்து தன் கணக்கைக் காட்டினார். எந்தத் திகதி, எந்த ஊர், எத்தனை இரவு, வரிசையாக இருந்தது. ஒரு இரவு விடுபடவில்லை.

மூன்றாம் நாள் வெளிக்கிட்டு, வவுனியாவில் நின்று, அடுத்த நாள் முள்ளிவாய்க்காலுக்கு வந்தோம். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வீட்டில் இறங்கினோம். கணவர் இல்லை. இறால் கருவாடு போட்டு விற்கிறார், நாலைந்து ஆடு வளர்க்கிறார். பிளேன்டீயும் பனங்கட்டியும் தந்தார். மச்சாள் தான் வந்த பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்த இரவுக் கணக்குப் பேச்சும் வந்தது. அக்கா சிரித்தார்.

"நானும் எண்ணி வைச்சிருக்கிறன் பிள்ளை. தர்மபுரத்தில இருபது இரவு. தேவிபுரத்தில பதினொண்டு. இரணைப்பாலையில இருபத்திமூண்டு. பொக்கணையில முப்பத்தெட்டு. இங்க, இந்த மணலுக்க, பங்கர் வெட்டி இருபத்தேழு. பிறகு வட்டுவாகல் பாலத்தால நடந்தம். பெயர் பதியிறதுக்கு எண்டு மூத்தவனைக் கூப்பிட்டினம். அதுக்குப் பிறகு எண்ணுறதை விட்டிட்டன்."

மச்சாள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்று வந்து தேநீர்க் கோப்பையைத் தட்டியது.

இதை வாசிக்கும் உங்களில் பலரிடம் இப்படி ஒரு கணக்கு இருக்கும். எங்கும் எழுதப்படாத கணக்கு. ஒரு ஹோட்டல் கம்பனி கோடிக்கணக்கான மனிதர்களின் ஒவ்வொரு இரவையும் பெயரோடு வைத்திருக்கிறது. செய்ய முடியாத காரியம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் 2009 மே மாதம் இந்தப் பாலத்தைக் கடந்து பதிவுக்கென்று போனவர்களின் பட்டியலைத் தாருங்கள் என்று கேட்டு, முல்லைத்தீவில் தாய்மார் 2017 மார்ச் 8ஆம் திகதி வீதியோரம் இருந்தார்கள். கிளிநொச்சியில் அதற்கு முன்பே, பெப்ரவரி 20இல் தொடங்கியிருந்தார்கள். காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் 2018இல் வேலையைத் தொடங்கியது. பட்டியலைக் காணாமலேயே தாய்மார் பலர் கண்மூடிவிட்டார்கள்.

சரி, இந்தக் கரைக்கு விருந்தாளிகளே வரக்கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். பாசிக்குடாவில் 2011 முதல் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. ஒருநாள் வன்னிக் கரைக்கும் வரும். வரும்போது நாம் எங்கே நிற்போம் என்பதை இப்போதே யோசிப்பது நல்லது. முதலாவது, காணி. வட்டுவாகலில் கடற்படை முகாமுக்கென்று 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அளக்க வந்தபோதெல்லாம் ஊர் மக்கள், அதிலும் பெண்கள், குறுக்கே நின்று திருப்பி அனுப்பினார்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிச் சிட்டை, எது இருந்தாலும் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வையுங்கள். கரைவலை இழுக்கும் துறையும் வாடி போடும் இடமும் பாவனையில் இருப்பது தெரிய வேண்டும். வெறுமையாகக் கிடக்கும் கரையைத்தான் முதலில் கண் வைப்பார்கள்.

அடுத்தது வேலை. ஹோட்டல் வேலை என்றால் எமது ஊர்களில் பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு கதை கட்டிவிடுவார்கள். வெலிகமையில் எங்கள் அறையைத் துப்புரவாக்கிய தங்கச்சி பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, ஒரு குழந்தையின் தாய். தலை நிமிர்ந்து வேலை செய்தார். அவரிடம் கேட்டு அறிந்ததையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். விருந்தாளியின் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்று ஒன்று சேர்ப்பார்கள், அதைத் தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது வழமை. ஹோட்டல் நிறைந்த மாதத்தில் அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்துக்குக் கிட்டவும் வரலாம். ஒப்பந்தக்காரர் மூலம் எடுபடும் பெண்களுக்கு அது கிடைக்காமல் போவதுண்டு. ஆகவே சேரும்போதே கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டினால் முதலாளி 12 சதவீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம் அவர் கணக்கில். சம்பளச் சிட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இரவு வேலை முடிந்தால் வீடு வந்து சேர வாகனம் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். அது கேட்கக் கூச்சப்படும் விசயம் அல்ல.

மச்சாள் அக்காவிடம் இரண்டு கிலோ இறால் கருவாடு வாங்கினார். விலை பேசவில்லை. அன்றிரவு முல்லைத்தீவில் அறை எடுப்பதாக இருந்தோம். அக்கா விடவில்லை. விறாந்தையில் பாய் போட்டுத் தந்தார்.

இந்தப் பகுதி ஆட்களுக்கு விருந்தாளி புதிதல்ல. நந்திக்கடலின் மறுகரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு நாட்டின் நாலா பக்கமும் இருந்து சனம் வரும். கடலில் எடுத்து வரும் உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பது அங்கே வழிவழியாக நடந்துவரும் வழக்கம். வெளியூர்ச் சனம் கோவில் வீதியிலும் மரங்களுக்குக் கீழும் அறிந்தவர் அறியாதவர் வீட்டு விறாந்தையிலும் படுத்தெழும்பிப் போகும். மே 18ஆம் திகதியும் அதற்குக் கிட்டவே வரும். அன்று முள்ளிவாய்க்கால் முற்றத்தில் விளக்கேற்றி, சிரட்டையில் உப்புக் கஞ்சி கொடுப்பார்கள். அரிசி, தண்ணீர், உப்பு அவ்வளவுதான். அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு மச்சாள் நெடுநேரம் களப்பின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வர விரும்பும் சகோதரிகள் பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ் எடுக்கலாம். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் ஊடாகவும் பஸ் உண்டு. வைகாசியில் வெயில் கடுமை. முற்றத்துக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தலும் குடையும் தேவை. இரண்டு நாள் நின்று பொங்கலையும் பார்ப்பதானால் ஒரு பாயும் துவாயும் கொண்டு வாருங்கள்.