அப்பாவின் பெட்ரோல் டாங்கி



'விடுமுறையில் நான் செய்தவை' என்று மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லும் நாம், அக்கேள்விக்கு நம் விடையை எழுதுவதே இல்லை. இன்று நான் எழுதுகிறேன். 2023, 2024 ஆகிய இரு பள்ளியாண்டு இறுதி விடுமுறைகளை நான் ஒரு பழைய பெட்ரோல் டாங்கியோடு கழித்தேன். முதல் விடுமுறையில் செய்த வேலை தோற்றுப்போனது. அத்தோல்வியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அது அப்பாவின் ஹோண்டா சி70 வண்டியின் டாங்கி. நம் நாட்டில் 'கப்சாய்' என்று எல்லாரும் அழைக்கும் இனத்தைச் சேர்ந்த வண்டி அது. 1958-இல் ஜப்பானில் பிறந்த சூப்பர் கப் குடும்பத்தில் 2017-க்குள் 10 கோடி வண்டிகள் உருவாகிவிட்டன. அவற்றுள் ஒன்று கெடா மாநிலத் தோட்டமொன்றில் எங்கள் லயத்து வாசலில் நின்றது. அப்பா விடியலில் மரம் சீவக் கிளம்புவார். பால் எடுத்துத் திரும்புவதற்குள் கிடைக்கும் சிறு இடைவெளியில் ஓடி வந்து, என்னைப் பின்னால் ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவார்.

சி70-இன் டாங்கி இருக்கைக்கு அடியில் இருக்கும். ஏறக்குறைய நான்கு லிட்டர்தான் பிடிக்கும். சம்பளம் எவ்வளவு குறைந்தாலும் சனிக்கிழமை மாலையில் அப்பா அதை நிரப்பி வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாத வண்டிக்கு எதற்கு எண்ணெய் என்று அம்மா கேட்பார். "நிற்கிற வண்டிக்குத்தான் வயிறு நிறைஞ்சிருக்கணும்" என்பார் அப்பா. அதை நான் வீண் பெருமை என்றே எண்ணியிருந்தேன்.

2012-இல் அப்பா மறைந்தார். வண்டியை வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகையில் நிறுத்தினோம். டாங்கியில் பாதிதான் எண்ணெய் இருந்தது. யாரும் நிரப்பவில்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு மூடியைத் திறந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். உள்ளே செம்மண் பூமிபோல் இருந்தது.

அப்பாவின் பழக்கத்திற்குரிய காரணம் அன்றுதான் விளங்கியது. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும் என்று வகுப்பில் நாம்தானே சொல்லிக் கொடுக்கிறோம்? பாதி காலியான டாங்கியில் மீதி இடத்தைக் காற்று நிரப்பிக்கொள்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து உட்சுவரில் நீர்த்துளியாகப் படிகிறது. பெட்ரோலை விட நீர் கனமானது. அதனால் அது அடியில் போய்த் தங்கிவிடுகிறது. துரு மேற்சுவரையும் அடித்தட்டையும் ஒருசேர அரிக்கிறது. நிரம்பிய டாங்கியில் காற்றுக்கு இடமே இல்லை. அறிவியல் படிக்காத அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது.

உட்புறத்தில் பூசுவதற்கென்றே இரு திரவங்களைக் கலந்து ஊற்றும் எபோக்சிப் பூச்சு கிடைக்கிறது. டாங்கிக்குள் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டினால், உட்சுவரில் மெல்லிய தோல்போல் படிந்து இறுகிவிடும். சிறு துளைகளும் அடைபடும். வேலை எளிது என்று நினைத்தேன். வினிகரை ஓர் இரவு ஊற்றி வைத்தேன். மறுநாள் நீரில் அலசி, அரைகுறையாக உலர்த்தி, மாலையே பூச்சை ஊற்றிவிட்டேன். உள்ளே பார்த்தால் கண்ணாடிபோல் பளபளத்தது. என் மகன் கைதட்டினான். சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பித்து வண்டியைச் சாலையில் இறக்கினேன்.

மூன்று மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெரிய சாலையைக் கடக்கும்போது நடுவில் வண்டி நின்றுவிட்டது. எத்தனை முறை உதைத்தும் உயிர் வரவில்லை. பனங்குலை ஏற்றிய லாரி ஒன்று ஒலிப்பானை அழுத்தியபடி எங்களுக்குச் சில அடி தள்ளி நின்றது. மகனின் கைகள் என் இடுப்பை இறுக்கிய வலி இன்னும் நினைவில் இருக்கிறது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கமான பட்டறையில் நிறுத்தினேன். தோட்டத்தை ஒட்டி வளர்ந்தவராதலால் அந்தச் சீனத் தவுக்கே தமிழ் நன்றாகப் பேசுவார். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் கிண்ணத்திலிருந்து நகக்கண் அளவுள்ள ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் பளபளப்பான பூச்சு, மறுபக்கம் துரு.

"சிக்கு, நீங்க இரும்புமேல பூசல, துருமேல பூசியிருக்கீங்க. துரு கழண்டா பூச்சும் கழண்டுடும்" என்றார்.

அந்தத் துண்டைப் பார்த்தபோது எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. 2018-இல் ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்த ஒரு மாணவன். எழுத்துக்கூட்டி வாசிக்கவே தடுமாறுவான். தேர்வு நெருங்கிவிட்டது. அவனுக்கு வாசிப்பைக் கற்பிக்க நேரமில்லை என்று முடிவு செய்து, கட்டுரைத் தொடக்கம், முடிவு, பழமொழி, மரபுத்தொடர் அனைத்தையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். யூபிஎஸ்ஆர் தேர்வில் அவன் தேர்ச்சி பெற்றான். பெற்றோர் மகிழ்ந்தனர், எனக்குப் பாராட்டும் கிடைத்தது. மறு ஆண்டு சந்தையில் அவன் தாயாரைக் கண்டேன். "சார், இடைநிலைப்பள்ளியில அவனுக்கு ஒரு பத்திகூட வாசிக்கத் தெரியலைன்னு சொல்றாங்களே, எப்படி சார்?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். என்னிடம் விடை இருந்தது. நான் சொல்லவில்லை. அத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. அத்தாயாரின் கேள்வி அகலவில்லை.

2024 விடுமுறையில் வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். பழைய பூச்சை நீக்கவே நான்கு நாள் ஆனது. பிறகு ஒரு கைப்பிடி நட்டுகளை உள்ளே போட்டு, வாயை அடைத்து, நானும் மகனும் மாறி மாறிக் குலுக்கினோம். செய்ய விரும்புவோர் நட்டுகளை எண்ணிப் போடுங்கள். நாங்கள் 40 போட்டோம்; 39 வெளியே வந்தன. மீதி ஒன்றுக்காக அரைமணி நேரம் டாங்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்தோம்.

அடுத்துப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை மூன்று முறை ஊற்றினேன். நீரில் அலசியதும் தாமதிக்கக்கூடாது; வெற்று இரும்பு சில நிமிடங்களிலேயே மீண்டும் செம்மை பூசிக்கொள்ளும். ஆகவே உடனே ஸ்பிரிட் ஊற்றி, ஒட்டியிருந்த நீரை அதோடு வெளியேற்றித் திறந்த வெளியில் உலர வைத்தேன். முடி உலர்த்தும் கருவி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகில் வரக்கூடாது. பெட்ரோல் நிறைந்த டாங்கியை விட, ஆவி மட்டும் தங்கிய காலி டாங்கியே எளிதில் வெடிக்கும்.

இறுதியாகத்தான் பூச்சு. எண்ணெய் இறங்கும் துவாரங்களை அடைத்து, ஊற்றி, இருபது நிமிடம் மெல்ல உருட்டி, மிஞ்சியதை முழுவதும் வடித்தேன். குட்டையாகத் தேங்கினால் அந்த இடம் சரியாக இறுகாது. புட்டியில் எழுதியிருந்த நாள்கள் கடந்தும் மேலும் ஒரு வாரம் காத்திருந்தேன். பூச்சு வேலை ஒரு மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் மூன்று வாரம். உள்ளே பார்த்தால் முதல் தடவை தெரிந்த அதே பளபளப்புத்தான். கண்ணுக்கு வேறுபாடே இல்லை.

அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. சனிக்கிழமைதோறும் என் மகன் டாங்கியை நிரப்பி வைக்கிறான்.

இப்போது என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். நாள்தோறும் இடைவேளைக்குப் பின் பதினைந்து நிமிடம் உயிர்மெய் எழுத்துகளிலிருந்து தொடங்குகிறோம். "மற்ற பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது இவள் இன்னும் க, கா சொல்கிறாளே, சார்" என்று அவள் தந்தை கடந்த வாரம் வருந்தினார். அவருடைய கவலை நியாயமானது. குலுக்கும் காலத்தில் ஓசை மட்டும்தான் கேட்கும். பளபளப்பு எதுவும் தெரியாது. அவரை உட்கார வைத்து, 2018-இல் நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "வீட்டில் நான் என்ன செய்யணும், சார்?" என்று கேட்டார்.

அன்று சந்தையில் அந்தத் தாயாருக்கும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வீடு எனக்குத் தெரியும். வரும் விடுமுறையில் அப்பாவின் வண்டியிலேயே சென்று வரலாம் என்றிருக்கிறேன்.