மட்டக்கோல் பிணை

கிளிநொச்சி நகரிலிருந்து உள்ளே போகும் கிரவல் ஒழுங்கை. 2013 ஆவணி வெயில். தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில், அத்திவாரக் கிடங்குக்குள் நின்றபடியே அந்த அக்கா பேசினார். கிடங்கு வெட்டும்போது கிளம்பிய தோட்டாக் கோதுகள் ஒரு பால்மாப் பேணிக்குள் கிடந்தன. "பழைய இரும்புக்காரன் வந்தால் குடுக்கலாம்" என்றார்.

அக்கா கட்டுவது இந்திய வீட்டுத் திட்ட வீடு. அந்தத் திட்டத்தின் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரரே கட்டிக் கொடுத்தார்கள். 2012 ஒக்ரோபரில் தொடங்கிய அடுத்த கட்டம் வேறு மாதிரி. வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகள். சில புதிது, சில திருத்த வேலை. புது வீட்டுக்கு 550,000 ரூபாய், வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆனால் வேலை ஏற ஏறத்தான், கட்டம் கட்டமாக. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த காசு. மேசனைப் பிடிப்பது, மணலுக்கு பெர்மிற் எடுப்பது, சீமெந்து விலை பேசுவது எல்லாம் இனி அக்காவின் பாடு. போரில் இடம்பெயர்ந்து முகாமில் வரிசையில் நின்று அரிசி வாங்கியவர் இங்கே கூலி எண்ணிக் கொடுக்கிறார்.

சீமெந்துக் கல்லைக் கடையில் வாங்க அவருக்கு மனமில்லை. முதலில் வாங்கிய ஒன்றை இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுக் காட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது. அதனால் வளவுக்குள்ளேயே இரண்டு பொடியளை வைத்துக் கல் அரிகிறார். அச்சைத் தூக்கினதும் ஈரக் கல் அசையாமல் நிற்க வேண்டும். சரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. "கல்லு ஒரு கிழமைக்காவது தண்ணி குடிக்க வேணும் தம்பி. வெயிலிலை விட்டால் வெளியிலை காயும், உள்ளுக்கை இறுகாது" என்றார் மேசன் அண்ணை. கிணற்றில் தண்ணீர் அடியோடு போயிருந்தது. விடியப்புறமே எழும்பி, ஊறுகிற நீரை இறைத்து, கல்மேல் போட்ட சாக்குகளை நனைக்கிறார் அக்கா. குளிப்புக்கு மிஞ்சினால் பார்க்கலாம்.

சிக்கல் காசில் மட்டும் இல்லை. ஒரே கிழமையில் அயலெல்லாம் தவணை இறங்குகிறது. எல்லாருக்கும் அதே நாளில் மேசன் வேண்டும். ஊரில் கைதேர்ந்தவர்கள் நாலைந்து பேர்தான். பத்து வருடம் சாந்து குழைத்தவனும் பத்து நாள் குழைத்தவனும் இப்போது மேசன்தான். திட்டம் போட்டவர்கள் வீடுகளை எண்ணினார்கள். சாந்தகப்பை பிடிக்கிற கைகளையும் எண்ணியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு ஏறாவிட்டால் தறப்பாளுக்குக் கீழ்தான் இன்னொரு மாரி.

பின்னேரம் மேசன் அண்ணை சைக்கிளை எடுத்தார். மூன்றாம் வளவில் நாளைக்கு அத்திவாரம் போடுகிறார்களாம், அரைநாள் வேலையாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மேசன் அண்ணையின் மட்டக்கோலை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் வைத்துப் படலையைச் சாத்தினார்.

"பிள்ளை, அது இல்லாமல் நான் அங்கை என்னத்தை மட்டம் பிடிக்கிறது?"

"அதுக்குத்தான் அண்ணை. மத்தியானம் வந்து எடுங்கோ."