மண்புழுவுக்குப் பிடித்த மனை!

தாம்பரம் பக்கம் ரெண்டு பேர் குனிந்து மண்ணைப் பார்த்தால் போதும், மூணாவதாக ஒருத்தர் வண்டியில் வந்து இறங்கிவிடுவார். புரோக்கர்!

"அப்ரூவ்டு பிளாட் இருக்கு சார். ஸ்டேஷனுக்கு அஞ்சே நிமிஷம்!"

எதில் போனால் அஞ்சு நிமிஷம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் நண்பன் சிரித்துவிட்டான். நாங்கள் மனை பார்க்க வரவில்லை. அவன் மண்ணை ஆராய்ச்சி செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, பல்லாவரம் தாண்டி கைவிடப்பட்ட ஒரு கல் குவாரிக்கு என்னை பைக்கில் இழுத்து வந்திருந்தான். என் உத்தியோகம், பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

மேலிருந்து எட்டிப் பார்த்தால் அடிவயிறு ஜில்லிடுகிறது. செங்குத்தான பாறை, கீழே பச்சைத் தண்ணீர், ஓர் ஓரத்தில் லாரி லாரியாகக் கொட்டிய குப்பை.

இந்தக் கல் லேசுப்பட்டதல்ல. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் இதற்கு 'சார்னகைட்' என்று அவர் பெயரையே வைத்துவிட்டார். அதற்கும் முன்னால், 1863-ல், ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில்தான் கற்கால மனிதனின் கல் கருவியைக் கண்டெடுத்தார். அப்புறம் நாம் வந்தோம். உடைத்தோம், ரோடு போட்டோம், வீடு கட்டினோம். மிச்சம், பள்ளம்!

"கல்லுல விஷம் இருக்குமாடா?"

"கோலார் தங்க வயல் மாதிரி இல்ல. அங்கே தங்கத்தைப் பிரிக்க சயனைடு போட்டாங்க. 2001-ல சுரங்கத்தை மூடிட்டாங்க. அரைச்சுப் போட்ட மண்ணு மேடு மேடா நிக்குது, காத்தடிச்சா வீட்டுக்குள்ள வருது. இங்கே கல்லு யோக்கியன்தான். நாம கொட்டறோமே பேட்டரி, பெயிண்ட், தோல் கழிவு... அதுதான் வம்பு."

குரோமியம் போட்டுத் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர்தான் குரோம்பேட்டை. தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டியும் எனக்கு அன்றுதான் உறைத்தது.

"லேபில் குடுத்தா எல்லாம் சொல்லிடுவாங்களே?"

"ஈயம் எவ்வளவு இருக்குன்னு சொல்வாங்க. அது உயிரை என்ன பண்ணும்னு சொல்ல மாட்டாங்க. களிமண் ஈயத்தைக் கெட்டியா பிடிச்சு வெச்சுக்கும். புளிச்ச மண்ணுன்னா கரைச்சு வெளியே விட்டுடும். நாலு விஷம் கூட்டு சேர்ந்தா இன்னும் ஆபத்து. அதுக்குத்தான் மண்புழு!"

பரீட்சை சுலபம். ஒரு டப்பாவில் பாதி நல்ல மண், பாதி சந்தேக மண். நடுவில் தடுப்பு. தடுப்பை எடுத்துவிட்டு 10 புழுக்களை மத்தியில் விட வேண்டும். 48 மணி நேரம் கழித்துத் தலை எண்ண வேண்டும். எட்டுக்கு மேல் நல்ல மண் பக்கம் ஓடியிருந்தால், இந்த மண் குடியிருக்க லாயக்கில்லை. ஓடாவிட்டாலும் பாஸ் இல்லை. 14 நாளில் எத்தனை சாகிறது, 56 நாளில் எத்தனை குட்டி போடுகிறது என்றும் பார்க்க வேண்டும். சாகாமல் இருப்பது வேறு, வம்சம் தழைப்பது வேறு!

"புழுவைப் பத்தி நமக்கென்னடா கவலை?" என்றேன்.

"2017-ல தண்ணிப் பஞ்சம் ஞாபகம் இருக்கா? சிக்கராயபுரம் குவாரித் தண்ணியைத்தானே சுத்தம் பண்ணி மெட்ராசுக்குக் குடுத்தாங்க?"

வாயை மூடிக்கொண்டேன். குடித்தவர்களில் நானும் ஒருத்தன். அடுத்த பஞ்சத்துக்கு நம் சேமிப்புக் கணக்கே இந்தப் பள்ளங்கள்தான். அதில்தான் குப்பையைக் கொட்டுகிறோம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்ற புரோக்கர் மெதுவாக நெருங்கினார்.

"ரிசல்ட் எப்போ சார்?"

"செவ்வாய்க்கிழமை."

"புழு எந்தப் பக்கம் போனாலும் சரி... வெளியே சொல்லிடாதீங்க சார்!"

மண்புழுவிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அது கமிஷன் வாங்குவதில்லை.